பழைய மனக்காயம் இன்றைய காதலை ஏன் பாதிக்கிறது?

மனக்காயம் என்பது, நடந்து முடிந்தும் உடல் இன்னும் முடிந்ததாக ஏற்காத அனுபவம். மூளையில் பாதாம்பருப்பு வடிவிலுள்ள அமிக்டலா என்ற பகுதி ஆபத்தை எச்சரிக்கும் காவலாளி. அது ஆளைப் பார்ப்பதில்லை, சாயலைப் பார்க்கிறது. அப்பா கதவை அறைந்து சாத்திய வீட்டில் வளர்ந்த பெண், இன்று கணவர் கையிலிருந்து டம்ளர் தவறி விழுந்தாலே மூச்சை அடக்கிக்கொள்கிறாள். அவர் கோபப்படவில்லை என்று அவளுக்கே தெரியும். அந்தத் தெளிவு வருவதற்குள் உடல் ஒடுங்கிவிடுகிறது. சூடு கண்ட பூனை அணைந்த அடுப்பையும் நெருங்காது அல்லவா, அப்படித்தான். வேறு சிலர் நெருக்கம் கூடும்போதே விலகிப்போவார்கள்.

‘உண்மையாக நேசித்தால் மறந்திருப்பாளே’ என்பது பலர் சொல்லும், மிகவும் புண்படுத்தும் தவறான எண்ணம்: இந்தப் பதற்றம் அன்புக் குறைவால் வருவதில்லை, பொறுமையான துணையாலும் தேவைப்பட்டால் மனநல சிகிச்சையாலும் இது மெல்ல மெல்லத் தணியக்கூடியது.