மேலூர் குவாரி லாரி: மறுபடியும் டீசல் பம்ப் போனால்

குவாரி லாரியில் டீசல் பம்ப் மறுபடியும் போய்விட்டது, புதுசு மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதே மாட்டாதீர்கள். ஒரே வருடத்தில் இரண்டாவது ஹை பிரஷர் பம்பும் (டீசலை அதிக அழுத்தத்தில் தள்ளும் பம்ப்) போயிருக்கிறது என்றால், கோளாறு உள்ளே போகிற டீசலில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

குவாரியில் பேரல் டீசல் ஊற்றுவதாக எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அங்கேதான். காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து டீசல் போகும் அமைப்பு) பம்புகள் பலவற்றுக்குத் தனி ஆயில் கிடையாது, டீசல்தான் வழுவழுப்பு. அதில் தண்ணீர் கலந்தால் உள்ளே இரும்போடு இரும்பு உரசும். ஐப்பசி மழையில் நிமிர்ந்து நிற்கும் பேரலின் தலையில் தேங்கும் தண்ணீர் மூடி வழியாக மெல்ல இறங்கிவிடும். பேரலைப் படுக்க வைத்தால் என்ன என்று யாரும் யோசிப்பதில்லை!

1. டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரின் அடித்திருகைத் திறந்து, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, அரைமணி நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும்.

2. பழைய டீசல் பில்டரை அறுத்து, தாளை வெயிலில் விரித்துப் பாருங்கள். மினுமினுத்தால் இரும்புத்தூள்.

தண்ணீர் மட்டும் என்றால் டேங்கைக் கழுவி, பில்டரை மாற்றிய பிறகு பம்பை மாட்டலாம். தூள் இருந்தால் செலவுதான்: ரெயில், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் எல்லாவற்றையும் பார்க்காமல் பம்பை மட்டும் மாற்றினால் அதுவும் போகும்.

அப்புறம், பழைய லாரியில் செய்த மாதிரி இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்த வேண்டாம். உள்ளே அழுத்தம் 1000 பாருக்கு (காற்றழுத்தத்தைப் போல் சுமார் ஆயிரம் மடங்கு) மேலும் ஏறும், டீசல் தோலைத் துளைத்துவிடும்.