வேதத்துக்கு வெளியே உள்ள நூல்களை என்ன செய்வது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அன்புள்ள ஐயா அவர்களுக்கு, ஸ்தோத்திரம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வேதத்தோடுகூட ஞானப்பாட்டுப் புத்தகமும் ஞானோபதேசமும் சில வேத விளக்க நூல்களும் வாசிக்கிற வழக்கம் உண்டு. இப்போது நாங்கள் போய்வரும் வீட்டு ஜெபக்கூட்டத்தை நடத்துகிற சகோதரர், வேதத்தைத் தவிர வேறெந்தப் புத்தகமும் விசுவாசியின் கையில் இருக்கக் கூடாது, மற்றவையெல்லாம் மனுஷருடைய கற்பனை என்கிறார். அவர் சொல்லைக் கேட்டுச் சிலர் வீட்டிலிருந்த புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். என் தங்கையோ கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டு விவிலியத்தில் நம்மிடம் இல்லாத தோபித்து, மக்கபேயர் முதலிய நூல்கள் இருக்கின்றன. திருச்சபையின் மரபையும் வேதத்துக்கு நிகராக ஏற்க வேண்டும் என்கிறார் அவள் கணவர். யார் சொல்வதை நான் எடுத்துக்கொள்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சகோதரி, முதலில் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் புத்தகங்களை எடைக்குப் போட வேண்டாம். விசுவாசத்துக்கும் இரட்சிப்புக்கும் உரிய காரியங்களில் வேதமே கடைசி அளவுகோல் என்பதை நானும் முழு மனதோடு நம்புகிறவன். வேதமாக ஏற்கப்பட்ட நூல்களின் தொகுதியைத் திருமுறை என்கிறோமே, அதற்கு ஈடான கிரேக்கச் சொல்லுக்கே அளவுகோல் என்றுதான் பொருள். தச்சனிடம் முழக்கோல் ஒன்றுதான் இருக்கும், அது கோணக் கூடாது, அதை அளக்க வேறொரு கோலும் கிடையாது. ஆனால் அந்தக் கோலைத் தவிர மரமோ பலகையோ பட்டறையில் இருக்கவே கூடாது என்று எந்தத் தச்சனும் சொல்வதில்லை.

பவுலைப் பாருங்கள். "வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது" என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய அதே நிருபத்தில், அடுத்த அதிகாரத்திலேயே, துரோவாவில் கார்ப்பு என்பவனிடம் தாம் விட்டுவந்த மேலங்கியோடு புஸ்தகங்களையும், விசேஷமாய்த் தோற்சுருள்களையும் எடுத்துவரும்படி கேட்கிறார். மரணம் அருகில் வந்திருக்கிறது என்று அறிந்த ஒரு கைதி, குளிருக்கு அங்கியும் வாசிக்கப் புத்தகமும் கேட்கிறார். அவை என்ன புத்தகங்கள் என்று எழுதப்படவில்லை. ஆனாலும் புத்தகங்களை வெறுத்த மனிதர் இப்படிக் கேட்டிருக்க மாட்டார். ஏதென்ஸ் பட்டணத்தில் அவர் பேசியபோது, "நாம் அவருடைய சந்ததியார்" என்று உங்கள் புலவர்களிலும் சிலர் சொல்லியிருக்கிறார்கள் என்றார். அது கிலிக்கியா நாட்டுக் கவிஞர் அராட்டஸின் கவிதையில் சீயூஸ் என்னும் கிரேக்கத் தெய்வத்தைக் குறித்துச் சொல்லப்பட்ட வரி. பவுல் அந்த வரியை எடுத்து, சிருஷ்டிகராகிய தேவனுக்கு உரியதாக்கிப் பேசினாரே ஒழிய, சீயூஸை ஏற்றுக்கொள்ளவில்லை. எடுப்பது எது, விடுவது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

நமக்கு மிகவும் நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். அப்போஸ்தலனாகிய தோமா இந்தியாவுக்கு வந்தார் என்று நாம் பெருமையோடு சொல்கிறோம். சாந்தோம் ஆலயத்துக்கும் பரங்கிமலைக்கும் போகாத தமிழ்க் கிறிஸ்தவர்கள் குறைவு. ஆனால் தோமா இந்தியாவுக்கு வந்ததைப் பற்றி வேதத்தில் ஒரு வசனம்கூட இல்லை. அந்தச் செய்தியை எழுத்தில் விரிவாகச் சொல்லும் மிகப் பழைய நூல், 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாக் மொழி பேசிய கிறிஸ்தவர்களிடையே எழுந்த தோமாவின் நடபடிகள். கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களின் நெடுநாள் மரபும் மயிலாப்பூர் மரபும் அதே செய்தியைத் தத்தம் வழியில் சொல்கின்றன.

அந்த நூலில் தோமா ஒரு தச்சராக இந்திய வணிகனிடம் விற்கப்படுகிறார். கொண்டோபரஸ் என்னும் அரசன் அரண்மனை கட்டக் கொடுத்த பணத்தை ஏழைகளுக்குப் பங்கிட்டுவிட்டு, உமக்குப் பரலோகத்தில் அரண்மனை எழும்பியிருக்கிறது என்கிறார். இப்படி ஓர் அரசன் இருந்தானா என்று நெடுங்காலம் ஐயப்பட்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியப் பகுதிகளில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தபோது, அவன் முதல் நூற்றாண்டில் உண்மையாகவே ஆட்சி செய்தவன் என்று தெரிந்தது. ஆகவே இந்த நூலை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதே நூலின் தொடக்கத்தில் ஒரு திருமண வீடு வருகிறது. மணமக்களின் அறையில் இயேசுவே தோமாவின் உருவத்தில் தோன்றி, தாம்பத்திய வாழ்வையே விட்டுவிடும்படி அவர்களிடம் சொல்கிறார். அவர்களும் அப்படியே விட்டுவிடுகிறார்கள். நூல் முழுவதும் இந்தப் போதனை திரும்பத் திரும்ப வருகிறது. வேதமோ, "விவாகம் யாவருக்குள்ளும் கனமுள்ளதாயும்" இருப்பதாக என்று எபிரெயர் 13:4-இல் சொல்கிறது. விவாகம் பண்ணாதிருக்கக் கட்டளையிடுகிறவர்களைக் குறித்து 1 தீமோத்தேயு 4-ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது.

இப்போது சொல்லுங்கள் சகோதரி, இந்த நூலை நாம் என்ன செய்வது? எடைக்குப் போட்டால், நம் மண்ணில் சுவிசேஷம் வந்த கதையின் மிகப் பழைய எழுத்துச் சாட்சியை இழப்போம். வேதத்துக்குச் சமமாக வைத்தாலோ, கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்வதைப் பாவம் என்று போதிக்க நேரிடும். நான் அதைச் சரித்திர ஆர்வத்தோடு வாசிக்கிறேன். தோமா வந்திருக்கக்கூடும் என்று நன்றியோடு நினைக்கிறேன். அதன் உபதேசத்தை வேதத்தின் அருகில் வைத்துப் பார்த்து, ஒவ்வாததை விட்டுவிடுகிறேன். அவர் வந்தார் என்பதை நம்பாத ஒருவரை விசுவாசமில்லாதவர் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, ஏனென்றால் வேதம் அதைச் சொல்லவில்லை. வேதம் மட்டுமே என்ற கொள்கை நடைமுறையில் செய்கிற பெரிய நன்மை இதுதான். எழுதப்படாத ஒன்றை என் சகோதரனுடைய மனச்சாட்சியின்மேல் சுமையாக ஏற்றவிடாமல் அது என்னைத் தடுக்கிறது.

உங்கள் தங்கையின் கணவர் சொல்வதையும் மரியாதையோடு பார்க்க வேண்டும். 1546-இல் கத்தோலிக்கப் பேராயர்கள் கூடிய திரெந்து சங்கம், எழுதப்பட்ட நூல்களையும் அப்போஸ்தலரிடமிருந்து வழிவழியாக வந்த மரபுகளையும் ஒரே அளவான பக்தியோடு ஏற்பதாக அறிவித்தது. ஆகவே அவர் தம் சபையின் போதனையைச் சரியாகவே சொல்கிறார். அவர் ஆதாரமாகக் காட்டக்கூடிய வசனமும் உண்டு. 2 தெசலோனிக்கேயர் 2:15-இல், வார்த்தையினாலாவது நிருபத்தினாலாவது உபதேசிக்கப்பட்ட "முறைமைகளை"க் கைக்கொள்ளும்படி பவுல் சொல்கிறார். அந்த இடத்தில் முறைமை என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிற சொல்லும், மாற்கு 7:13-இல் "உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள்" என்று ஆண்டவர் கண்டிக்கிற இடத்திலுள்ள பாரம்பரியம் என்ற சொல்லும் கிரேக்கத்தில் ஒரே சொல்தான். தமிழில் மட்டும் வாசிக்கிற ஒருவருக்கு, பாரம்பரியம் எப்போதும் கெட்டது என்றும் முறைமை எப்போதும் நல்லது என்றும் தோன்றிவிடும். ஆண்டவர் கண்டித்தது தேவவசனத்தை அவமாக்கிய பாரம்பரியத்தையே. தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைக் கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தட்டிக்கழிக்க இடங்கொடுத்த போதனையை அவர் அங்கே எடுத்துக்காட்டினார். உங்கள் தங்கையின் கணவரிடமிருந்து நான் வேறுபடுகிற இடம் ஒன்றுதான். மரபு வேதத்துக்குப் பக்கத்தில் சமமாக உட்காருவதில்லை, வேதத்துக்கு முன்னால் நின்று சோதிக்கப்படுகிறது என்பதே என் நம்பிக்கை.

தோபித்து முதலிய நூல்களைக் குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். கி.பி. 367-இல் அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியுஸ், புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் வரிசைப்படுத்தி ஒரு கடிதம் எழுதினார். அதே கடிதத்தில் தோபித்து, யூதித்து போன்றவை திருமுறையில் சேராதவை, ஆனாலும் புதிதாக விசுவாசத்துக்குள் வருகிறவர்கள் வாசிக்க ஏற்றவை என்று தனியாகக் குறித்தார். 1534-இல் வெளிவந்த லூத்தரின் ஜெர்மன் வேதாகமத்திலும் இந்த நூல்கள் இரு ஏற்பாடுகளுக்கும் நடுவில், வேதத்துக்குச் சமமல்ல ஆனால் வாசிக்க நல்லவை என்ற குறிப்போடு அச்சாயின. 1826-இல் பிரிட்டிஷ் வேதாகமச் சங்கம் இவற்றை அச்சிடப் பணம் தருவதில்லை என்று முடிவு செய்த பிறகே, சீர்திருத்த சபையாரின் வேதாகமங்களில் இவற்றைக் காண்பது அரிதாயிற்று. நானும் இவற்றிலிருந்து உபதேசம் எடுப்பதில்லை. ஆனால் உங்கள் தங்கை வீட்டில் தோபித்து வாசிக்கப்படும்போது நீங்கள் எழுந்து வெளியே போக வேண்டிய அவசியம் எதுவுமில்லை.

இனி ஜெபக்கூட்டச் சகோதரரைப் பற்றி. வேதத்தின்மேல் அவருக்குள்ள வைராக்கியத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு மணி நேரம் பிரசங்கிக்கிறாரே, அதுவும் வேதத்துக்கு வெளியே உள்ள பேச்சுத்தானே? அச்சிட்ட விளக்கத்தைப் பத்துப் பேர் சரிபார்க்கலாம். கூட்டத்தில் சொன்ன விளக்கம் சரிபார்க்கப்படாமலே மனதில் வேதமாகப் பதிந்துவிடும். எனக்கே சிறுவயதில் அது நடந்தது. என் தாத்தா கிராமத்துச் சபையில் உபதேசியாராக இருந்தார். அவருடைய பெரிய வேதபுஸ்தகத்தின் ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள். மத்தேயு 2-ஆம் அதிகாரத்தின் ஓரத்தில், "ராஜாக்கள் மூவர்: கஸ்பார், மெல்கியோர், பல்தசார்" என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தார். ஓய்வுநாள் பள்ளித் தேர்வில் நான் அதையே வேதத்தில் உள்ளது என்று எழுதினேன். ஆசிரியை என்னைக் கூப்பிட்டு வசனத்தைக் காட்டச் சொன்னார்கள். தாத்தாவின் வேதத்தை எடுத்துப்போய் அந்த ஓரத்தைக் காட்டினேன். அவர்கள் கோபிக்கவில்லை. தம் விரலால் அச்செழுத்தை ஒரு முறையும் பென்சில் எழுத்தை ஒரு முறையும் தொட்டுக் காட்டி, "கிழக்கிலிருந்து சாஸ்திரிகள்" என்று மட்டும் எழுதியிருப்பதை வாசிக்கச் செய்தார்கள். மூவர் என்ற எண்ணிக்கையும் இல்லை, ராஜாக்கள் என்ற சொல்லும் இல்லை, பெயரும் இல்லை. தாத்தாவின் குறிப்பை அழிக்கும்படி அவர்கள் சொல்லவில்லை. இன்றும் அது அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

பெரோயா பட்டணத்தார் அப்போஸ்தலனுடைய பிரசங்கத்தையே அப்படித்தான் கேட்டார்கள். மனோவாஞ்சையாய் ஏற்றுக்கொண்டு, "காரியங்கள் இப்படியிருக்கிறதா" என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்துபார்த்தார்கள். பவுலுக்கே அந்தச் சோதனை உண்டென்றால், உங்கள் சகோதரருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. இந்தப் பதிலில் நான் காட்டியிருக்கிற வசனங்களை எடுத்துப் பார்த்துவிட்டு, பொருந்தாதது ஏதேனும் இருந்தால் எழுதுங்கள்.

கேள்வி: ஏனோக்கின் புத்தகத்தை சபைகள் மறைத்துவைத்துவிட்டதாக யூடியூபில் பல காணொளிகள் வருகின்றன. யூதா நிருபமே அதை மேற்கோள் காட்டுகிறதே, அப்படியானால் அது வேதம்தானே?
— கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, யாரும் மறைக்கவில்லை. எத்தியோப்பியத் திருச்சபை அதைத் தன் வேதத்தின் பகுதியாகவே வைத்து இன்றுவரை வாசிக்கிறது. சாக்கடலருகே கும்ரான் குகைகளில் கிடைத்த பழைய யூதச் சுருள்களிலும் அதன் அரமேயப் பகுதிகள் உண்டு. யூதா 14-ஆம் வசனத்தில், "ஆதாமுக்கு ஏழாந்தலைமுறையான ஏனோக்கும்" என்று வருவது அந்த நூலில் உள்ள வாக்கியத்தோடு ஒத்துப்போகிறது என்பதும் உண்மையே. ஆனால் மேற்கோள் காட்டப்பட்டதெல்லாம் வேதமாகிவிட்டால், தீத்து 1:12-ஐ என்ன செய்வீர்கள்? கிரேத்தா தீவார் ஓயாப்பொய்யர் என்ற வரியை எழுதிய கிரேக்கக் கவிஞனை, "அவர்கள் தீர்க்கதரிசி" என்றே பவுல் அழைக்கிறார். அந்தக் கவிதையை எவரும் திருமுறையில் சேர்க்கவில்லை. ஏனோக்கின் புத்தகத்தை வாசிக்க வேண்டுமானால் வாசியுங்கள். இயேசுவின் காலத்து யூதர்கள் தூதர்களையும் நியாயத்தீர்ப்பையும் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது அதில் நன்றாகத் தெரியும். மூவாயிரம் முழ உயரமுள்ள இராட்சதர்களைப் பற்றிய பகுதி வரும்போது, அதை விசுவாசமாக எடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

கேள்வி: விசுவாசப்பிரமாணம் வேதத்தில் இல்லையே, ஆராதனையில் ஏன் சொல்கிறோம்?
— வாசகர், வேலூர்

பதில்: அதிலுள்ள உண்மைகள் வேதத்தில் இருப்பதால் சொல்கிறோம். ஆனால் வேதச் சொற்களாலேயே ஏன் அமைக்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய பேராயர்கள் முதலில் வேதத்திலுள்ள சொற்களை மட்டும் கொண்டே எழுத விரும்பினார்கள் என்று, அங்கே இருந்த அத்தனாசியுஸ் பிற்பாடு எழுதியிருக்கிறார். குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுஸின் பக்கத்தாரோ, "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்ற வசனத்தை மேற்கோள் காட்டி வந்தவர்கள்; சபையார் முன்வைத்த ஒவ்வொரு வேதச் சொல்லையும் தங்கள் கருத்துக்கு ஏற்ப வளைத்து, இதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம் என்றார்கள். அதனால்தான், குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று சொல்ல, வேதத்தில் இல்லாத ஒரு கிரேக்கச் சொல்லைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தது. வேதம் சொல்வதை வேதத்துக்கு எதிராகத் திருப்பாமல் காப்பதற்காகவே வெளியிலிருந்து அந்தச் சொல் வந்தது. அடுத்த ஞாயிறு அந்த வரியைச் சொல்லும்போது, யோவான் 1-ஆம் அதிகாரத்தை ஒரு முறை வாசித்துவிட்டுப் போய்ச் சொல்லிப்பாருங்கள்.