அசாய்க் கூழை உறைய வைத்தால் மட்டும் போதாது

இரவில் கொட்டகையில் அசாய் (அமேசான் பகுதிப் பனை வகை ஒன்றின் பழம்) அரைக்கிறோம், கூழை உறைய வைத்தால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். உறைய வைப்பதை மட்டும் நம்பாதீர்கள், சாகஸ் நோயின் (பூச்சி வழியே பரவி இதயத்தைப் பாதிக்கக்கூடிய தொற்று) ஒட்டுண்ணி மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஒரு நாளுக்கு மேலும் தாக்குப்பிடித்திருக்கிறது. பிரேசிலின் பாரா மாநில முறைப்படி, கழுவிய அசாய்ப் பழத்தை 80 டிகிரி வெந்நீரில் 10 விநாடி முக்கி எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் போட்டு, அப்புறம்தான் அரைக்க வேண்டும்.

இரவில் விளக்கு போட்டுத் திறந்த கொட்டகையில் அரைப்பதாகச் சொன்னீர்களே, என் சந்தேகம் அங்கேதான்: இந்த ஒட்டுண்ணியைச் சுமக்கும், ரத்தம் குடிக்கும் 'முத்தமிடும் பூச்சி' வெளிச்சத்துக்கு வரும், பழத்தோடு அரைபட்டாலோ கூழில் எச்சமிட்டாலோ தீர்ந்தது.

பழக் கூடையை வெள்ளைத் துணியில் கவிழ்த்து உதறிப் பாருங்கள். பூச்சி சிக்கினால் வெறுங்கையால் நசுக்க வேண்டாம்.

இன்னொன்று, பழத்தைக் கொட்டியதும் வெந்நீரின் சூடு இறங்கிவிடும், வெப்பமானி உள்ளேயே இருக்கட்டும். ஏற்கெனவே இந்தக் கூழைக் குடித்தவர்களுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தாலோ முகம் வீங்கினாலோ, ரத்தப் பரிசோதனையில் சாகஸையும் பார்க்கச் சொல்லுங்கள்.