அறுபதுக்குப் பின் மீண்டும் மோட்டார் சைக்கிள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 61. இளமையில் ஹோண்டா சீடி 125 ஒன்றில் தோட்டப் பாடசாலைகளுக்குப் போய் வந்தவன். பிள்ளைகள் வளரத் தொடங்கியதும் அதை விற்றுவிட்டேன். அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேலாக மோட்டார் சைக்கிளைத் தொடவில்லை. இப்போது மகன் எனக்காக ரோயல் என்ஃபீல்ட் ஹிமாலயன் 450 ஒன்றைப் பதிவு செய்திருக்கிறார். ஒருமுறை பழகிய ஓட்டம் மறக்காது என்கிறார்கள் நண்பர்கள். அப்படி நம்பி ஏறிவிடலாமா? – வாசகர், தலவாக்கலை

பதில்: ஐயா, நண்பர்கள் சொல்வது உண்மைதான்; பழகிய ஓட்டம் மறக்காது. ஆனால் உங்கள் கைகால்கள் மறக்காமல் வைத்திருப்பது இலேசான, குட்டையான, இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக் பூட்டிய ஒரு வண்டியின் பழக்கத்தை. வரப்போகும் வண்டியோ பெற்றோலுடன் 196 கிலோ எடையும், தரையிலிருந்து 825 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கையும், 40 குதிரைவலு தரும் 452 சிசி இயந்திரமும் கொண்டது. ஓட்டவே தெரியாத ஒருவர் அதன்மீது பயத்தோடு ஏறுவார், நீங்கள் பழைய தைரியத்தோடு ஏறுவீர்கள் என்பதால், முதல் சில வாரங்களுக்கு உங்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

இவ்வகைத் தூரப்பயண வண்டிகள் ஓட ஆரம்பித்துவிட்டால் சாதுவாகிவிடுகின்றன. நேர்வீதியில் பழைய சீடி 125ஐவிட நிதானமாகச் செல்லும். அவை சவாரியாளரைக் கீழே தள்ளுவது பெரும்பாலும் நடைவேகத்தில்தான்: பெற்றோல் நிலையத்தில் திருப்பும்போதும், ஏற்றத்தில் நின்று மீண்டும் புறப்படும்போதும், சரளைக்கல்லில் ஒற்றைக் காலை ஊன்றி நிற்கும்போதும். ஆகவே வண்டி வந்ததும் முதல் வேலை அதை ஓட்டுவதன்று. இயந்திரத்தை இயக்காமல் தள்ளிப் பாருங்கள். இடப்புறமும் வலப்புறமும் சிறிது சாய்த்து, எந்தக் கோணத்தில் எடை கையை மீறுகிறது என்று அறிந்துகொள்ளுங்கள். அப்போது மகனோ வேறொருவரோ மறுபக்கம் நிற்கட்டும். இருக்கையில் அமர்ந்தால் இரண்டு பாதங்களின் முன்பகுதியாவது தரையில் நன்றாகப் பதிய வேண்டும். எட்டாவிட்டால் தாழ்ந்த இருக்கை கிடைக்குமா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். உயரமான வண்டியை விரல் நுனியால் தாங்கிக்கொள்ளலாம் என்பது இருபத்தைந்து வயதுக்காரர் பேச்சு. நமது வீதிகளில் வண்டியை நிறுத்தும் இடமெல்லாம் ஒரு பக்கம் சரிந்தே இருக்கும்.

அடுத்தது பிரேக். அந்தக் காலத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி தூக்கி எறியும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். நீங்களும் பின் பிரேக்கைக் காலால் மிதித்தே பழகியிருப்பீர்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுவதால், வண்டியை நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன்பக்கத்திலிருந்தே கிடைக்கிறது. பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவருக்கு நிற்பதற்கான தூரம் வெகுவாக நீண்டுவிடும். உங்கள் வண்டியில் ஏ.பி.எஸ். இருக்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்ளும் தறுவாயில் அது பிரேக்கைத் தளர்த்தித் தளர்த்திப் பிடிக்கும். அப்போது கைப்பிடியில் ஒரு துடிப்பு தெரியும். அந்தத் துடிப்புக்குப் பயந்து கையை விடுகிறவர்கள் பலர். எனவே காய்ந்த, நேரான, வெறிச்சோடிய வீதியில் 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து தொடங்கி, முன் பிரேக்கை வெடுக்கெனப் பிடிக்காமல் படிப்படியாக இறுக்கி நிறுத்திப் பழகுங்கள். பின்சக்கர ஏ.பி.எஸ்.ஸை அணைத்துவைக்கும் வசதி மண்பாதைக்காரர்களுக்கானது. நீங்கள் அதைத் தொடவே வேண்டாம்.

மலையகத்தில் சமதரை கிடைப்பதே அபூர்வம். விடுமுறை நாளில் பாடசாலை முற்றமோ, அனுமதி பெற்ற தோட்ட மைதானமோ கிடைத்தால் (ஈரப்புல்லைத் தவிர்த்துவிடுங்கள்) அங்கே எட்டுப்போட்டுப் பழகுவது அவசியம். கிளட்சைப் பாதிப் பிடியில் வைத்து, பின் பிரேக்கை இலேசாக மிதித்துக்கொண்டு, பார்வையை முன்சக்கரத்தில் வைக்காமல் போகவேண்டிய இடத்தில் வைத்துத் திருப்புங்கள். கொண்டை ஊசி வளைவு ஒன்றில், எதிரே வரும் பஸ் முழு வீதியையும் எடுத்துக்கொள்ள, நீங்கள் நடைவேகத்தில் காத்து ஊர்ந்து திரும்பவேண்டி வரும்போது உதவுவது இந்தப் பயிற்சி மட்டுமே.

பிறகு வீதி. ஹட்டன் பக்கம் போகும் ஏ7 வீதி உங்களுக்கு வசதியானது, ஆனாலும் டெவன், சென். கிளயர் நீர்வீழ்ச்சிகளைப் பார்ப்பதற்காக வளைவிலேயே நிறுத்தும் வாகனங்களையும், அவற்றின் கதவுகள் திடீரென்று திறப்பதையும் எதிர்பார்த்தே செல்லவேண்டும். தோட்டப் பாதைகள் பிரதான வீதியில் வந்து சேரும் இடங்களில் கொழுந்து லொறிகளின் சக்கரச் சேறு தாரில் படிந்திருக்கும். ஏற்ற வளைவுகளில் தாங்கி நிரம்பிய பஸ்களிலிருந்து சிந்தும் டீசல் வானவில் நிறத்தில் தெரியும். மழையில் அதன்மீது சாய்ந்து திரும்பினால் எந்த டயரும் பிடிக்காது. வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கிவிட்டு, வளைவுக்குள் சீராக இயந்திர இழுவையோடு செல்லுங்கள். நடுவழியில் பயந்து பார்வையைக் கான்மீது பதித்தால் வண்டியும் கானுக்கே போகும். வலப்புற வளைவுகளில் இன்னொன்று: வண்டி உங்கள் பக்கத்தில் இருந்தாலும், சாயும்போது தலையும் தோளும் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்த்திசைக்குள் நுழைந்துவிடும். ஆகவே நடுக்கோட்டிலிருந்து எப்போதும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் விலகியிருங்கள்.

நானுஓயா பக்கத்து ரதல்ல குறுக்கு வீதியை ஆரம்பத்தில் தவிர்ப்பது நல்லது. 2023 ஜனவரியில் பஸ்ஸும் வானும் முச்சக்கர வண்டியும் மோதி 7 பேர் உயிரிழந்த செங்குத்துச் சரிவு அது, நீங்கள் அறியாததன்று. இத்தகைய இறக்கங்களில் ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டே வந்தால் அது சூடேறி வலுவிழக்கும்.

காலநிலையைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் மழை மே முதல் செப்டெம்பர் வரை உங்கள் மேற்குச் சரிவில் கொட்டும்போது ஊவா காய்ந்து கிடக்கும் என்பதை மட்டும் பயணத் திட்டத்துக்குப் பயன்படுத்துங்கள். அம்மாதங்களில் வெலிமடை, பண்டாரவளைப் பக்கமும், ஜனவரி முதல் மார்ச் வரை ஹட்டன், நோர்வூட் பக்கமும் ஓட்டலாம். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வழக்கமானது. பகல் ஒரு மணிக்குள் வீடு திரும்பும் கணக்கில் புறப்படுங்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த திட்வா புயல் மலையக வீதிகளின் ஓரங்களை எங்கெல்லாம் அரித்தது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் புறப்பட வேண்டாம்.

உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை. வயதேறும்போது கண்மணி இருளில் விரியும் அளவு குறைகிறது. எதிர்வரும் விளக்கின் கூச்சத்திலிருந்து மீளவும் கூடுதல் நேரமாகிறது. பனிமூட்டத்தில் இது இரட்டிப்பாகத் தெரியும், ஆகவே இரவோட்டம் வேண்டாம். நீரிழிவு இருந்து பாதத்தில் மரத்துப்போகும் உணர்வு உண்டானால், பின் பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதே தெரியாமல் போகும். இரத்த அழுத்த மாத்திரை சிலருக்கு எழும்போது தலைசுற்றலைத் தரும். தடிமனுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் தூக்கத்தைத் தரும். மருத்துவரிடம், மோட்டார் சைக்கிள் ஓட்டப்போகிறேன் என்று சொல்லியே ஆலோசனை கேளுங்கள்.

கேள்வி: என் கணவருக்கு 59 வயது. ஆறு மாதமாகப் பெரிய மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகிவிட்டார். ஆடி உற்சவத்துக்கு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, இரண்டு பக்கமும் பெட்டி பூட்டி, கதிர்காமம் போகவேண்டும் என்கிறார். தடுக்க மனமில்லை, ஆனால் பயமாக இருக்கிறது. – வாசகி, பண்டாரவளை

பதில்: அம்மா, தடுக்க வேண்டியதில்லை; ஆனால் முதல் பயணமே கதிர்காமமாக இருக்கவேண்டாம். உங்களையும் பெட்டிகளையும் ஏற்றினால் அது அவர் ஆறு மாதம் பழகிய வண்டியாக இராது. பின்சக்கரத்தில் எடை கூடும்போது முன்பக்கம் இலேசாகி, திருப்பம் மந்தமாகும். நிறுத்தத் தேவையான தூரமும் கூடும். கனமான பொருட்களைப் பின்புற மேல்பெட்டியில் வைக்காமல் பக்கப் பெட்டிகளின் அடியில், இரண்டு பக்கமும் சமமாக வையுங்கள். பின் டயரின் காற்றழுத்தத்தை, இருவர் செல்வதற்கென்று வண்டியிலோ கைநூலிலோ குறித்திருக்கும் அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போதே ஏற்றவேண்டும். பின் சஸ்பென்சனையும் அவ்வாறே இறுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பங்கும் உண்டு. அவர் இரண்டு கால்களையும் ஊன்றி, சரி என்று சொன்ன பிறகே ஏறுங்கள், இறங்குங்கள். வளைவில் பயந்து எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால் அவர் கையோடு போராட வேண்டிவரும்; அவருடைய தோளுக்கு மேலாக வளைவின் உள்பக்கம் பார்த்தபடி இருந்தால் உடல் தானாகச் சரியான அளவு சாயும். சேலை வேண்டாம், சல்வாரின் துப்பட்டாவும் வேண்டாம். சங்கிலியில் துணி சிக்கி நடந்த விபத்துகள் நம் ஊர்களில் குறைவல்ல. கோயிலில் உடுத்தும் சேலை பெட்டிக்குள் வரட்டும். உங்கள் தலைக்கவசமும் அவருடையதைப் போலத் தாடைவரை மூடுவதாக இருக்கட்டும்.

வழியைப் பார்ப்போம். பண்டாரவளை ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெல்லவாயா சுமார் 200 மீட்டரில். எல்லவைத் தாண்டி இராவணன் நீர்வீழ்ச்சிப் பக்கமாக இறங்கும் அந்த வீதியில்தான், 2025 செப்டெம்பரில் ஒரு பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் உயிரிழந்தனர். அதைப் பகலில் மட்டும் இறங்குங்கள். வெல்லவாயாவிலிருந்து புத்தலை வழியாகக் கதிர்காமம் செல்லும் பாதை குறுகியதுதான், ஆனால் அங்கே யானைகள் வீதிக்கு வந்து வாகனங்களை மறித்து உணவு கேட்பது வழமை. காரில் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளலாம், மோட்டார் சைக்கிளில் எதை ஏற்றுவது? தணமல்வில, திசமஹாராம வழியாகச் சுற்றிப் போங்கள். அங்கும் அந்தி சாயும் முன் சேர்ந்துவிடுங்கள். உற்சவ நாட்களில் நெரிசல் தாங்காது. என்னைக் கேட்டால், உற்சவம் முடிந்த ஒரு வாரநாளில் போவதே நல்லது. அதற்கு முன் உங்களை ஏற்றிக்கொண்டு பதுளை வரையும், பிறகு ஹப்புத்தளை வரையும் சில தடவைகள் போய்வரட்டும்.

கேள்வி: என் அனுமதிப்பத்திரத்தில் கார் வகுப்பும், ஏ1 வகுப்பும் உள்ளன. கொழும்பில் வாங்கும் 250 சிசி வண்டியை நானே கண்டிக்கு ஓட்டிவர எண்ணுகிறேன். வயது 56. – வாசகர், கண்டி

பதில்: ஓட்ட முடியாது ஐயா. ஏ1 வகுப்பு 100 சிசி வரையிலான வண்டிகளுக்கு மட்டுமே. அதற்கு மேல் ஏ வகுப்பு வேண்டும். மருத்துவச் சான்றிதழோடு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பித்து வகுப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வகுப்பின்றி ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் கைவிடும்.

வகுப்பு கிடைத்த பிறகும்கூட, புது வண்டியைக் கொழும்பிலிருந்து ஓட்டிவருவதை நான் விரும்பவில்லை. அதிவேக வீதிகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியில்லாததால், நெரிசல் மிகுந்த ஏ1 வீதியில் வந்து கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறவேண்டும். புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். முதல் நூறு கிலோமீட்டர் வரை அதன் பிடிப்பு முழுமையாகாது. பல காலம் ஓட்டாத கையும், தேயாத டயரும், பழகாத வண்டியும் ஒரே நாளில் அந்த வளைவுகளில் சந்திக்க வேண்டாம். சிறிய லொறி ஒன்றில் ஏற்றிவரச் செய்யுங்கள். முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என நான்கு பட்டிகளால் சஸ்பென்சன் பாதி அமுங்கும் அளவுக்குக் கட்டவேண்டும், பக்கத்தாங்கியில் நிறுத்திக் கட்டக்கூடாது. இறக்கும்போது அகலமான பலகையைச் சாய்த்து, இயந்திரத்தை அணைத்து, முதல் கியரில் போட்டு, கிளட்சைச் சிறிது சிறிதாக விட்டபடி, இரண்டு பேர் இருபுறமும் பிடித்து இறக்குங்கள்.