வாசகர் கேள்வி-பதில்: பசையை விடுங்கள், பின்னக் கற்றுக்கொடுங்கள்

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு ஐந்து. கோடை விடுமுறையில் வேலூர் வெயிலுக்குப் பயந்து பகல் முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். காலி எண்ணெய் பாட்டில், ஷாம்பு பாட்டில், பால் கவர் ஆகியவற்றில் கைவேலை செய்ய வைத்தால் பசை ஒட்டுவதில்லை; பூசிய வண்ணம் உரிந்துவிடுகிறது; வெட்டிய ஓரம் கையைக் கிழிக்கிறது. செய்த பொருளும் கடைசியில் குப்பைக்குத்தான் போகிறது. வேறு வழி உண்டா?
— ஒரு வாசகி, காட்பாடி

பதில்: பசை ஒட்டாததற்கு உங்கள் குழந்தைகளின் கைப்பக்குவம் காரணமன்று. காகிதமும் துணியும் மரமும் ஈரத்தை உறிஞ்சுவதால்தான் வெள்ளைப் பசை அவற்றில் இறுகிப் பிடிக்கிறது. பிளாஸ்டிக்குக்கு உறிஞ்சும் தன்மை கிடையாது. அதிலும் ஷாம்பு பாட்டிலும் பால் கவரும் பெரும்பாலும் பாலிஎத்திலீன் வகையைச் சேர்ந்தவை என்பதால், உடனே ஒட்டும் பசைகூட அவற்றில் நிலைப்பதில்லை. அந்தப் பசை பிஞ்சு விரல்களைத்தான் முதலில் ஒட்டும். அதை வீட்டில் எடுக்கவே வேண்டாம்.

பசை, பெயின்ட், ஜிகினா மூன்றையும் ஒதுக்கிவிட்டு, பின்னுவது, தைப்பது, ஒன்றினுள் ஒன்றைச் செருகுவது என்று வேலையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. ஜிகினா ஒட்டிய பாட்டிலைக் காயலான் கடையில் எடுத்துக்கொள்வது அரிது. பசைபடாத பொருளையோ, அலுத்துப்போன பிறகு பிரித்து, சுத்தமான பிளாஸ்டிக்காகவே போட்டுவிடலாம்.

பால் கவரிலிருந்து தொடங்குங்கள். பாலை ஊற்றும்போது மூலையை நறுக்கி எறியாமல் மேல் ஓரத்தை முழுவதுமாக வெட்டித் திறந்து, சோப்புத் தண்ணீரில் உட்புறமும் கழுவி, நிழலில் கிளிப் போட்டுக் காயவையுங்கள். பால் வாடை மிஞ்சினால் எறும்பு மொய்க்கும். காய்ந்த கவரின் அடி ஓரத்தையும் நீக்கிவிட்டு, ஓர் அங்குல அகலத்தில் குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாக வரும். ஒரு வளையத்தின் முனையை மற்றொன்றின் உள்ளே நுழைத்து, அதே வளையத்தின் மறுமுனையை மேலே கொண்டுவந்து, நுழைத்த முனைக்குள் விட்டு மெதுவாக இழுத்தால் இரண்டும் முடிச்சாகிவிடும். இதை ஐந்து வயதுப் பிள்ளையே செய்யும். வேகமாக இழுத்தால் கவர் அறுந்துவிடும் என்பதை மட்டும் சொல்லிக்கொடுங்கள். நீளமாகச் சேர்ந்த மூன்று கயிறுகளைத் தலைமுடி பின்னுவதுபோல் மகள் சடையாகப் பின்னட்டும். அந்தச் சடையைச் சுருட்டிச் சுருட்டி ஊசி நூலால் நீங்கள் தைத்துக்கொடுத்தால் தண்ணீர்க் குடத்துக்கு அடியில் வைக்கும் விரிப்பு தயார். கவரில் அச்சடித்த நிறங்களே போதும். வண்ணம் பூச வேண்டியதில்லை. அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை மட்டும் அதன்மேல் வைக்கக் கூடாது, இளகிவிடும்.

எண்ணெய் பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்று இருந்தால் அது பெட் (PET) என்ற பிளாஸ்டிக் வகை. கொதிநீர் ஊற்றிக் கழுவினால் கோணிப்போகும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும். நடுவில் முதல் துளையைப் பெரியவர்கள் கத்தியால் போட்டுக்கொடுத்த பின், மகள் கத்தரிக்கோலால் சுற்றி வெட்டலாம். ஓரம் முழுவதும் இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் கை கிழியாது. மேல்பாதியைத் தலைகீழாகக் கீழ்ப்பாதிக்குள் இறக்கி, வாய் வழியாகப் பழைய பருத்தித் துணியைத் திரிபோலத் தொங்கவிட்டு, மேலே மண்ணும் கீழே தண்ணீரும் நிரப்பி வெந்தயம் விதையுங்கள். திரி வழியே தண்ணீர் தானாக மேலேறுவதால், வேலூரின் மே மாத வெயிலிலும் மண் சீக்கிரம் காயாது. இரு பாதிகளுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் கொசு முட்டையிடும்; துணியால் அடைத்து, வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: என் பேரன் பிளாஸ்டிக் துண்டுகளை மெழுகுவத்தியில் உருக்கிப் பொம்மை செய்கிறான். ஆர்வத்தைத் தடுக்க மனமில்லை. அனுமதிக்கலாமா?
— ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: கூடாது. இன்றே நிறுத்திவிடுங்கள். உருகிய பிளாஸ்டிக் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். பிவிசி (PVC) என்ற வகை பிளாஸ்டிக் துண்டு எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற, மூச்சுக்குழலை அரிக்கும் வாயு வெளிவரும். எது பிவிசி என்று சிறுவனால் பார்த்துச் சொல்ல முடியாது.

ஆர்வத்துக்கு ஒரு வாளித் தண்ணீர் கொடுங்கள். தண்ணீர் பாட்டிலின் துண்டையும் அதன் மூடியையும் முழுதாக அமிழ்த்திவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள். பெட் தண்ணீரைவிடக் கனமானது என்பதால் துண்டு மூழ்கும். மூடி மேலே வந்து மிதக்கும். எந்த டப்பாவின் துண்டு மிதக்கும், எது மூழ்கும் என்று முன்கூட்டியே ஊகித்து அவன் எழுதிவைக்கட்டும். வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் மூடிகளை எட்டாத உயரத்தில் வையுங்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மறுசுழற்சி ஆலைகளிலும் நொறுக்கிய பாட்டிலையும் மூடியையும் இதே முறையில்தான் பிரிக்கிறார்கள் என்று அவனிடம் சொல்லுங்கள்.