புதிய அதிபர் வந்தால் ராஜினாமா கடிதம் தர வேண்டுமா?

வேண்டாம். நீங்கள் அமெரிக்க மத்திய அரசில் நிரந்தரப் பணியாளர் என்றால், ஆட்சி மாறுகிறது என்பதற்காக ராஜினாமா கடிதம் தர வேண்டியதில்லை. அலுவலகத்தில் "எல்லோரும் கொடுக்கிறார்கள்" என்று சொன்னாலும், தயவுசெய்து கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கொடுத்த ராஜினாமாவைத் திரும்பப் பெறுவது எளிதல்ல.

குழப்பத்துக்குக் காரணம் அநேகமாக இதுதான்: அந்தக் கடிதம் அரசியல் நியமனம் பெற்றவர்களிடம் கேட்கப்படுவது. அப்படிப்பட்ட பதவிகள் சுமார் 4,000 இருக்கின்றன. உங்கள் பிரிவின் தலைவர் அப்படி வந்தவராக இருந்தால், அவருக்கு வந்த செய்தி உங்கள் காதிலும் விழுந்திருக்கும்.

சரி, ஊகம் வேண்டாம். மின்னணுப் பணிக்கோப்பில் உங்கள் கடைசி எஸ்எஃப்-50 படிவத்தை (நியமனம், பதவி மாற்றம் போன்றவற்றைப் பதியும் படிவம்) எடுங்கள்.

1. 34-ஆம் கட்டத்தில் 1 இருந்தால் போட்டித் தேர்வுப் பணி, கவலை வேண்டாம். 2 இருந்தால் விலக்குப் பணி, அதாவது வழக்கமான போட்டித் தேர்வு விதிகளுக்கு வெளியே நியமிக்கப்படும் பணி. நியமன அதிகாரம் எழுதிய வரியில் 'ஷெட்யூல் சி' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது அரசியல் நியமனம், கடிதம் உங்களுக்கும்தான்.

2. 24-ஆம் கட்டத்தில் 1 என்றால் நிரந்தரம், 2 என்றால் நிரந்தரமாவதற்கான மூன்று ஆண்டுப் பணி இன்னும் முடியவில்லை.

ஒரு எச்சரிக்கை: தகுதிகாண் காலத்தில் இருந்தால் மேல்முறையீட்டு உரிமை மிகக் குறைவு, 2025 பிப்ரவரியில் வேலை இழந்தவர்களில் பலர் அந்த நிலையில் இருந்தவர்கள்தான். அப்புறம், கொள்கை வகுக்கும் பதவிகளை, ஆட்களை நீக்குவது எளிதான தனி வகைக்கு மாற்றும் அதிபர் ஆணை 2020-இல் வந்து, 2021-இல் ரத்தாகி, 2025 ஜனவரியில் திரும்பியது. உங்கள் வேலை கொள்கை சார்ந்தது என்றால், பதவி வகை மாற்றப்பட்டதா என்று மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேளுங்கள்.