பானம் கலக்கும் உலோகக் கருவிகளை வீட்டிலேயே செய்தல்: கேள்வி பதில்

கேள்வி (பிடோக்): அண்ணா, சிராங்கூன் சாலையில் வாங்கிய பித்தளைக் கம்பியாலும் செப்புத் தகட்டாலும் ஜிகரும் (பானத்தை அளக்கும் சிறு கிண்ணம்) கோப்பையும் செய்ய நினைக்கிறேன். தவறில்லையே?

பதில்: அழகுக்குத் தவறில்லை, ஆனால் பானம் படும் பரப்புக்கு அவை ஏற்றவையல்ல. எலுமிச்சைச் சாற்றின் பிஎச் அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் இருப்பதால், அது செம்பைக் கரைத்துப் பானத்தில் கலந்துவிடும். வயிற்றுப் புரட்டலும் வாந்தியும் வரலாம். எளிதாகக் கடைவதற்கென்று விற்கப்படும் பித்தளைக் கம்பிகளில் ஏறத்தாழ 3 விழுக்காடு வரை காரீயமும் இருக்கும். புளி சேர்த்த பண்டங்களைக் கலாய் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் வைக்கக்கூடாது என்று நம் பாட்டிமார் கண்டிப்பாக இருந்ததற்குக் காரணம் இதுதான். உட்புறம் முழுவதும் சுத்தமான வெள்ளீயம் பூசினால் செப்புக் கோப்பையைப் பயன்படுத்தலாம். மற்றபடி, செம்பையும் பித்தளையையும் கைப்பிடிக்கும் வெளி அலங்காரத்துக்கும் ஒதுக்கிவிட்டு, பானம் படும் இடத்தில் 304 வகை எவர்சில்வரையே பயன்படுத்துங்கள்.

கேள்வி (ஈசூன்): ஜிகரின் அளவு துல்லியமாக வர என்ன வழி?

பதில்: கூம்பு வடிவத்தை விட்டுவிட்டு உருளையைத் தேர்ந்தெடுங்கள். உள்விட்டம் 40 மி.மீ. உள்ள எவர்சில்வர் குழாயில் 23.9 மி.மீ. ஆழம் 30 மில்லி லிட்டரையும், அதில் பாதி ஆழம் 15 மில்லி லிட்டரையும் தரும். ராஃபிள்ஸ் ஹோட்டலில் 1915-இல் ஙியாம் டோங் பூன் உருவாக்கியதாகச் சொல்லப்படும் சிங்கப்பூர் ஸ்லிங் பானத்துக்கு, இன்று பரவலாக உள்ள செய்முறைப்படி ஜின் 30 மில்லி லிட்டர், எலுமிச்சைச் சாறு 15 மில்லி லிட்டர் என்பதால், இந்த இரட்டை வாய் ஜிகர் ஒன்றே பெரும்பாலும் போதும். குழாயை 2 மி.மீ. கூடுதலாக வெட்டி, இரு வாய்களையும் பிரிக்கும் நடுத்தகட்டைக் காக்கி புக்கிட் போன்ற தொழிற்பேட்டைப் பட்டறையில் டிக் வெல்டிங் (மந்த வாயுவின் பாதுகாப்பில் செய்யும் பற்றவைப்பு) செய்து வாங்கிக்கொள்ளுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்குள் வெல்டிங் வேலையை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். பிறகு சமையலறைத் தராசில் வைத்து, விளிம்பு வரை ஊற்றிய நீர் பெரிய வாயில் சரியாக 30 கிராமும் சிறிய வாயில் 15 கிராமும் காட்டும்வரை அந்தந்த வாயை அரத்தால் சிறிது சிறிதாகத் தேயுங்கள். கணக்கைவிடத் தராசை நம்புவதே நல்லது.

கேள்வி (ஜூரோங்): பாட்டில் திறப்பானுக்காக எவர்சில்வர் பட்டையில் துளையிட்டால் டிரில் பிட் மழுங்கிவிடுகிறது, ஐயா.

பதில்: வேகம் கூடுதலாகவும் அழுத்தம் குறைவாகவும் இருந்திருக்கும். பிட் வெட்டாமல் உரசினால் எவர்சில்வர் அந்த இடத்திலேயே இறுகிவிடும். அதன்பின் எந்தப் பிட்டும் எளிதில் இறங்காது. கோபால்ட் பிட், வெட்டு எண்ணெய், 6 மி.மீ. துளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, விடாத அழுத்தம் ஆகியவை வேண்டும். பாட்டிலின் மேல் இறுகிய மூடியின் அகலம் ஏறத்தாழ 29 மி.மீ. என்பதால், 3 மி.மீ. தடிமனும் 40 மி.மீ. அகலமும் உள்ள பட்டையில் 32 மி.மீ. அகலத் திறப்பு போதும். வட்டமாகச் சிறு துளைகளை இட்டு நடுப்பகுதியை வெட்டியெடுத்து, மூடியின் பற்களுக்கு அடியில் நுழையவேண்டிய விளிம்பை மட்டும் அரத்தால் சரிவாக்குங்கள்.

கேள்வி (பொங்கோல்): அண்டை வீட்டார் சத்தத்தைப் பற்றிக் குறை சொல்கிறார்கள்.

பதில்: துளையிடும் வேலையை வார நாள்களின் பகல் நேரத்துக்கு ஒதுக்குங்கள். வைஸின் (உலோகத்தை இறுகப் பிடிக்கும் கருவி) அடியில் தடித்த ரப்பர் விரியுங்கள். மேசை வழியாகத் தரைக்கு இறங்கும் அதிர்வு கணிசமாகக் குறையும்.

கேள்வி (தெம்பனிஸ்): நான் செய்த எவர்சில்வர்க் கரண்டியில் துருப் புள்ளிகள் வருகின்றன. போலி உலோகமா?

பதில்: அப்படி முடிவு கட்ட வேண்டாம். சாதாரண இரும்பைத் தேய்த்த அரத்தையோ கம்பித் தூரிகையையோ எவர்சில்வரில் பயன்படுத்தினால், நுண்ணிய இரும்புத் துகள்கள் பதிந்து, நம் ஊர் ஈரப்பதத்தில் அவையே துருப்பிடிக்கும். 400, 600, 800 எண் உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்த்துச் சோப்பால் கழுவுங்கள். பின்னர், ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 100 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து, கரண்டியை அரை மணி நேரம் ஊறவிட்டு, நன்றாக அலசித் துடையுங்கள். அமிலம் இரும்புத் துகள்களைக் கரைத்துவிடும். குரோமியம் ஆக்சைடு படலம் மீண்டும் தானாகவே உருவாகும். எவர்சில்வருக்கென்று தனி அரம் ஒன்றை வாங்கி, வேறு எந்த உலோகத்தையும் அதனால் தொடாதீர்கள்.